கம்பெனி கட்டுகிற வரியும் கணக்கில் எழுதுகிற வரியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இந்தப் பகுதிக்குக் கம்பெனி வரி பற்றிய கேள்விகள்தான் அதிகம் வரும். ஒரு பக்கம் பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஆண்டறிக்கை வருகிறது. இன்னொரு பக்கம் சிறு கம்பெனி நடத்துபவர்கள் டாக்ஸ் ஆடிட்டை முடிக்க வேண்டும் என்று தொழிற்சாலைக்கும் ஆடிட்டர் ஆபீஸுக்கும் லோக்கல் ரயிலில் அலைகிறார்கள். வந்த கடிதங்களில் ஒன்றோடொன்று சேரக்கூடியவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டேன். கேட்டிருப்பதெல்லாம் 31 மார்ச் 2025-ல் முடிந்த ஆண்டையும் அதற்கு முந்தைய ஆண்டுகளையும் பற்றி என்பதால், பிரிவு எண்கள் 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின்படி இருக்கும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய சட்டத்தில் எண்கள் வேறு. கணக்கு எழுதும் முறை அதனால் மாறாது.

அண்ணாச்சி, வணக்கம். நான் தாராவியில் இருக்கிறேன், அம்பர்நாத் எம்ஐடிசி தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு மெஷின் ஷாப், பிரைவேட் லிமிடெட். போன வருஷம் வரிக்கு முன் லாபம் 80 லட்சம். நாங்கள் குறைந்த விகிதத்தில் வரி கட்டும் 115பிஏஏ பிரிவில் இருக்கிறோம், 25.168 சதவீதம் போட்டால் 20,13,440 வருகிறது. ஆடிட்டர் கட்டச் சொல்வது 20,97,333. ஆனால் லாப நட்டக் கணக்கில் வரிச் செலவு என்று எழுதியிருப்பது 20,38,608. ஒரே லாபத்துக்கு மூன்று வரியா? எது சரி?

மூன்றும் சரிதான் தம்பி, ஆனால் மூன்றும் வேறு வேறு கேள்விக்கான விடை. முதல் தொகை உங்கள் கணக்கு லாபத்தை விகிதத்தால் பெருக்கியது. அதைக் கட்டவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, இந்த ஆண்டுக்காக அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டியது. மூன்றாவது, இந்த ஆண்டு சம்பாதித்த லாபத்தின் தலையில் விழ வேண்டிய வரி, அது இந்த ஆண்டே கட்டப்பட்டாலும் சரி, பின்னால் கட்டப்பட்டாலும் சரி.

உங்கள் கடிதத்தோடு ஆடிட்டரின் ஒர்க்கிங் ஷீட்டையும் அனுப்பியிருந்தீர்கள், அதை வைத்தே சொல்கிறேன். 2024 ஏப்ரலில் ஒரு கோடிக்கு சிஎன்சி மெஷின் வாங்கியிருக்கிறீர்கள். கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி அதற்கு 15 வருஷ ஆயுள், கடைசியில் 5 சதவீதம் மிச்ச மதிப்பு, ஆக 95 லட்சத்தை 15-ஆல் வகுத்து வருஷத்துக்கு 6,33,333 தேய்மானம் எழுதியிருக்கிறார். வருமான வரிச் சட்டத்தில் ஆயுள் கணக்கெல்லாம் இல்லை, மெஷினரி பிளாக்குக்கு 15 சதவீதம், அதுவும் வருஷா வருஷம் மிச்சமிருக்கும் மதிப்பின் மேல். முதல் வருஷம் 15 லட்சம் கழிக்கலாம். 8,66,667 ரூபாய் கூடுதலாகக் கழிக்கக் கிடைக்கிறது.

அடுத்தது சப்ளையர் பாக்கி. மார்ச் 31 அன்று ஒன்பது லட்சம் நிற்கிறது, எல்லாம் சிறுதொழில்களுக்கான உதயம் பதிவு உள்ள சிறு உற்பத்தியாளர்களுக்கு, எல்லாமே 45 நாள் தாண்டிய பில். 43பி பிரிவில் 2023-24 முதல் வந்த எச் உட்பிரிவு இதைத்தான் பிடிக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன கெடுவுக்குள், அதுவும் 45 நாளைத் தாண்டாமல், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் போக வேண்டும். தவறினால் அந்தச் செலவு பணம் கொடுத்த வருஷத்தில்தான் கழியும். 43பி-யின் மற்ற இனங்களில் ரிட்டர்ன் கெடுவுக்குள் கொடுத்துவிட்டால் பிழைக்கலாம், இதில் அந்த வழியும் இல்லை. அப்புறம் கிராஜுவிட்டிக்கு இரண்டு லட்சம் ஒதுக்கியிருக்கிறீர்கள், அங்கீகரிக்கப்பட்ட ஃபண்டில் கட்டவில்லை, எனவே அதுவும் இப்போது கழியாது. கடைசியாக, தொழிலாளர்களின் சம்பளத்தில் பிடித்த பிஎஃப் ஒரு லட்சம், 15-ம் தேதிக்குள் கட்டாமல் தாமதமாகக் கட்டியிருக்கிறீர்கள். தொழிலாளி பங்கைத் தாமதமாகக் கட்டினால் எந்த வருஷத்திலும் கழிக்க முடியாது என்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் 2022 அக்டோபர் 12-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது.

இப்போது கூட்டிப் பாருங்கள். 80 லட்சத்தோடு கணக்குத் தேய்மானம் 6,33,333-ஐத் திரும்பச் சேர்த்து, வரித் தேய்மானம் 15 லட்சத்தைக் கழித்து, ஒன்பதும் இரண்டும் ஒன்றும் ஆக 12 லட்சத்தைச் சேர்த்தால் வரி விதிக்கத்தக்க வருமானம் 83,33,333. அதில் 25.168 சதவீதம் 20,97,333. இதுதான் நடப்பு வரி.

டெஃபர்டு டாக்ஸ், அதாவது பின்னால் வரும் வருஷங்களுக்குத் தள்ளிப்போகும் வரி, எங்கே வருகிறது என்றால், மேலே சொன்ன நாலு வித்தியாசத்தில் மூன்று பின்னால் ஒரு நாள் தானாகவே சரியாகிவிடும். மெஷினில் இன்று கூடுதலாகக் கழித்தது நாளைக்குக் குறையும். உங்கள் மெஷினையே ஓட்டிப் பார்த்தேன், ஆறாவது வருஷம் வரை வரித் தேய்மானம்தான் பெரியது, ஏழாவது வருஷம் அது 5.66 லட்சத்துக்கு இறங்கிவிடுகிறது, கணக்குத் தேய்மானம் அதே 6.33 லட்சத்தில் நிற்கிறது, அங்கிருந்து திரும்ப ஆரம்பிக்கும். எனவே 8,66,667-க்கு உரிய வரி 2,18,123 இன்று கட்டாமல் தள்ளிவைத்த கடன். இது டெஃபர்டு டாக்ஸ் பொறுப்பு. சப்ளையர் பாக்கியும் கிராஜுவிட்டியும் நேர் எதிர், கொடுக்கும் வருஷத்தில் வரி குறையும், 11 லட்சத்துக்கு 2,76,848. இது டெஃபர்டு டாக்ஸ் சொத்து. இரண்டையும் நேர்செய்தால் 58,725 சொத்துப் பக்கம் நிற்கிறது. அதை 20,97,333-லிருந்து கழித்தால் 20,38,608, ஆடிட்டர் எழுதிய அதே தொகை.

நாலாவது வித்தியாசம், அந்த பிஎஃப் ஒரு லட்சம், என்றைக்கும் திரும்பாது. அதற்கு டெஃபர்டு டாக்ஸ் கிடையாது. இதை வைத்து ஒரு பரிசோதனை செய்யலாம், எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்: கணக்கு லாபத்தோடு நிரந்தர வித்தியாசத்தை மட்டும் சேர்த்து விகிதத்தால் பெருக்குங்கள். 81 லட்சம் இன்டு 25.168 சதவீதம், சரியாக 20,38,608. வரவில்லையென்றால் ஒர்க்கிங்கில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்.

கூடவே நான் சொல்ல நினைப்பது ஒன்று உண்டு. 58,725 ஒரு காகிதக் கணக்கு, அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிஎஃப் தாமதத்தால் போன 25,168 ரூபாய் போனது போனதுதான், அதுவும் தொழிலாளியின் பணத்தை நாம் பிடித்து வைத்திருந்ததற்காக. சப்ளையர் விஷயமும் அப்படித்தான். ஒன்பது லட்சத்தைக் கொடுக்காததால் இந்த வருஷம் 2,26,512 கூடுதலாக வரி கட்டியிருக்கிறீர்கள். அடுத்த வருஷம் திரும்ப வரும் என்பது உண்மை, ஆனால் நடுவில் ஒரு வருஷம் உங்கள் பணம் அரசாங்கத்திடம், சப்ளையர் பணம் உங்களிடம், அவரோ பட்டறையில் கூலி கொடுக்க வட்டிக்கு வாங்கிக்கொண்டிருப்பார். ஜனவரி மாதமே பாக்கிப் பட்டியலை எடுத்து, பில்லில் உதயம் எண் இருக்கிறதா என்று பார்த்து, யாருக்கு எந்தத் தேதியில் 45 நாள் முடிகிறது என்று எழுதிவைத்துவிடுங்கள். வியாபாரிகளிடம் வாங்கிய சரக்குக்கும் நடுத்தர நிறுவனங்களுக்கும் இந்த உட்பிரிவு பொருந்தாது, அதனால் பட்டியல் நீங்கள் பயப்படும் அளவுக்கு நீளமாக இருக்காது.

சார், நான் வங்கி ஊழியனாக இருந்து ஓய்வு பெற்றவன், முலுண்டில் இருக்கிறேன். 2019 செப்டம்பரில் அரசு கம்பெனி வரியைக் குறைத்தது. அதே காலாண்டில் ஆக்சிஸ் வங்கி 112 கோடி நஷ்டம் காட்டியது, ஐசிஐசிஐ வங்கியின் லாபம் 655 கோடியாகச் சுருங்கியது. வரி குறைந்தால் லாபம் கூடத்தானே வேண்டும்? அப்போதிலிருந்து இது எனக்குப் புரியாமலே இருக்கிறது.

நல்ல கேள்வி ஐயா. 2019 செப்டம்பர் 20-ம் தேதி, மேலே சொன்ன 115பிஏஏ பிரிவைக் கொண்டுவந்த அவசரச் சட்டம் வந்தது, அன்றைக்கு மட்டும் சென்செக்ஸ் 1,900 புள்ளிக்கு மேல் ஏறியது. பத்து நாளில் காலாண்டு முடிந்தது. முடிவுகள் வந்தபோது பல பேருக்கு உங்களுக்கு வந்த அதே சந்தேகம்.

வங்கிகள் வாராக்கடனுக்குப் பெரிய பெரிய தொகை ஒதுக்குகின்றன, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாப நட்டக் கணக்கில் அது உடனே செலவு. வரிச் சட்டம் ஒரு வரம்பு வரைக்கும்தான் அதை அனுமதிக்கிறது, மீதி, கடனை இனி வராது என்று கணக்கிலிருந்து நீக்கும்போதுதான் கழியும். ஆக வங்கி இன்று அதிகமாக வரி கட்டுகிறது, பின்னால் குறைவாகக் கட்டப்போகிறது, அந்தப் பின்னால் வரும் குறைவை டெஃபர்டு டாக்ஸ் சொத்தாக எழுதி வைத்திருக்கிறது. எந்த விகிதத்தில்? அப்போதிருந்த விகிதத்தில்: 30 சதவீதம், அதன் மேல் 12 சதவீத சர்சார்ஜ், அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 34.944. நூறு ரூபாய் ஒதுக்கீட்டுக்குப் புத்தகத்தில் கிட்டத்தட்ட 35 ரூபாய் சொத்து.

புதிய விகிதத்துக்குப் போவது என்று முடிவு செய்த அன்றே, அந்த நூறு ரூபாய் பின்னால் மிச்சப்படுத்தப்போவது 25.168 ரூபாய்தான் என்று ஆகிவிடுகிறது. கிட்டத்தட்ட 9.78 ரூபாய் அப்போதே காணாமல் போகிறது, சொத்தின் மதிப்பில் 28 சதவீதம். பல வருஷமாகச் சேர்த்த சொத்து முழுவதையும் ஒரே காலாண்டில் புதிய விகிதத்தில் அளந்து, வித்தியாசத்தை அந்தக் காலாண்டின் வரிச் செலவில் போட வேண்டும். ஆக்சிஸ் வங்கிக்கு அது 2,138 கோடி, ஐசிஐசிஐ வங்கிக்கு 2,920 கோடி. காசு ஒரு ரூபாய்கூட வெளியே போகவில்லை. அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு காலாண்டிலும் வரி குறைவாகத்தான் இருக்கும். அந்த 2,138 கோடி மட்டும் இல்லையென்றால் ஆக்சிஸ் வங்கி 2,026 கோடி லாபம் காட்டியிருக்கும்.

நேர்மாறாக, மெஷினரியில் நிறையப் பணம் போட்டு டெஃபர்டு டாக்ஸ் பொறுப்பு வைத்திருந்த கம்பெனிகளுக்கு அதே நாளில் பொறுப்பு சுருங்கியது, லாபம் துள்ளியது. அதுவும் காசு இல்லை. அந்தக் காலாண்டு முடிவுகளை வைத்துப் பங்கு வாங்கியவர்களும் விற்றவர்களும் வரிக் குறிப்பைப் படித்திருந்தால் வேறு மாதிரி முடிவு எடுத்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆண்டறிக்கை எடுத்தால் மூன்று இடம் பாருங்கள். லாப நட்டக் கணக்கில் நடப்பு வரி, டெஃபர்டு டாக்ஸ் இரண்டும் தனித்தனி வரிசையில் இருக்கும். பணப்பாய்வு அறிக்கையில் உண்மையாகக் கட்டிய வரி இருக்கும். மூன்றாவது இடத்தைப் பெரும்பாலானோர் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்: இந்திய கணக்கியல் தரம் 12-ஐப் பின்பற்றும் கம்பெனிகள், கணக்கு லாபத்தைச் சட்ட விகிதத்தால் பெருக்கினால் வருவதிலிருந்து உண்மையான வரிச் செலவு வரைக்கும் எப்படி வந்தோம் என்று ஒரு அட்டவணை கொடுக்க வேண்டும். கழிக்க முடியாத சமூகப் பொறுப்புச் (சிஎஸ்ஆர்) செலவு, வேறு விகிதத்தில் வரி போடப்படும் மூலதன ஆதாயம், சொத்தாக எழுதாத நஷ்டம், முந்தைய ஆண்டுகளின் வரித் திருத்தம் எல்லாம் அதில் வரிசையாக நிற்கும். இரண்டு மூன்று வருஷ அட்டவணையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கம்பெனியின் வரி விகிதம் வருஷா வருஷம் 17, 18 சதவீதத்தில் நின்றால், ஏன் என்று அங்கே எழுதியிருக்கும், அந்தக் காரணம் அடுத்த வருஷமும் இருக்குமா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

நான் பவாயில் ஒரு சாஃப்ட்வேர் ஸ்டார்ட்அப்பில் ஃபைனான்ஸ் பார்க்கிறேன். நாலு வருஷ நஷ்டம் சேர்ந்து 12 கோடி. வருங்காலத்தில் மிச்சமாகும் வரி என்று 3 கோடியை டெஃபர்டு டாக்ஸ் சொத்தாகக் காட்டலாமே, அடுத்த முதலீட்டுச் சுற்றுக்கு பேலன்ஸ் ஷீட் நன்றாக இருக்கும் என்கிறார் ஃபவுண்டர். பத்து வருஷத்துக்கு லாபக் கணிப்பு எக்செலில் கொடுத்தும் ஆடிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் செய்வது நியாயமா?

நியாயம்தான், நான் முழுக்க ஆடிட்டர் பக்கம்.

உங்கள் கம்பெனி பட்டியலிடப்படாதது, நிகர மதிப்பு 250 கோடிக்குக் கீழே, எனவே பழைய கணக்கியல் தரம் 22-தான் உங்களுக்கு. நஷ்டத்தின் மேலும் கழிக்காமல் நிற்கும் தேய்மானத்தின் மேலும் சொத்து எழுத வேண்டும் என்றால், எதிர்காலத்தில் போதுமான லாபம் வருவது ஏறக்குறைய நிச்சயம் என்றும், அதற்கு நம்பத்தகுந்த சான்று இருக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது. சான்று என்றால் என்ன என்பதையும் அதுவே விளக்குகிறது. ரத்து செய்தால் பெரிய நஷ்டஈடு கொடுக்க வேண்டிய, லாபம் உறுதியான ஏற்றுமதி ஆர்டர் கையில் இருந்தால் அது சான்று. கடன் வாங்க நிதி நிறுவனத்திடம் கொடுத்து, அவர்களும் ஏற்றுக்கொண்ட லாபக் கணிப்பு, அது மட்டும் தனியாக இருந்தால் சான்று ஆகாது. வெளியில் ஒருவர் ஏற்றுக்கொண்ட கணிப்புக்கே இந்த நிலைமை என்றால், உங்கள் எக்செல் எந்த மூலைக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

நாளைக்கு கம்பெனி வளர்ந்து, மேலே சொன்ன இந்திய கணக்கியல் தரம் 12-க்குப் போனாலும் தப்ப முடியாது. அங்கே லாபம் வர வாய்ப்பு அதிகம் என்றால் போதும் என்று கொஞ்சம் இளகிய சொல் இருக்கிறது, ஆனால் சமீபத்திய வருஷங்களில் நஷ்டம் இருந்தால் அந்த நஷ்டமே எதிர்ச் சான்று, அதை முறியடிக்க வலுவான வேறு சான்று கொண்டுவா என்று அதே தரம் சொல்கிறது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், டெஃபர்டு டாக்ஸ் சொத்து மற்ற சொத்துகளைப் போல விற்றுக் காசாக்கக்கூடியது இல்லை. வரி கட்டும் அளவுக்கு லாபம் வந்தால்தான் அதற்கு மதிப்பு. லாபமே வராத கம்பெனியில் அதை எழுதினால், அந்த வருஷத்து நஷ்டம் 3 கோடி குறைந்து காட்டப்படும், அதைப் பார்த்து யாரோ ஒருவர் பணம் போடுவார், வேலையில் இருக்கும் பிள்ளைகள் கம்பெனி ஊழியர்களுக்குத் தரும் ஈசாப் ஷேரை நம்பிச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரே அடியில் அதைக் கணக்கிலிருந்து நீக்கும்போது அடி வாங்குவது அவர்கள்.

ஃபவுண்டரிடம் இதைச் சொல்லுங்கள்: புத்தகத்தில் எழுதாததால் நஷ்டம் வீணாகிவிடாது. வியாபார நஷ்டத்தை 8 வருஷம் கொண்டுபோகலாம், கழிக்காத தேய்மானத்துக்குக் கெடுவே இல்லை. ஆனால் அதைக் காப்பாற்ற இரண்டு வேலை உண்டு, உங்கள் கவனம் இருக்க வேண்டியது அங்கேதான். ஒன்று, நஷ்ட வருஷத்தின் ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டே தீர வேண்டும், ஆடிட் உள்ள கம்பெனிக்கு அக்டோபர் 31. ஒரு நாள் தவறினாலும் வியாபார நஷ்டத்தைக் கொண்டுபோகும் உரிமை போகும். இரண்டு, பிரிவு 79. உங்களைப் போன்ற பிரைவேட் கம்பெனியில், நஷ்டம் வந்த வருஷத்தில் இருந்த அதே பங்குதாரர்கள் 51 சதவீத வாக்குரிமையாவது வைத்திருந்தால்தான் அந்த நஷ்டத்தைக் கழிக்கலாம். ஸ்டார்ட்அப் வரிச் சலுகைக்கான 80ஐஏசி பிரிவில் அங்கீகாரம் பெற்ற கம்பெனிக்கு ஒரு சலுகை உண்டு, நஷ்ட வருஷத்துப் பங்குதாரர்கள் எல்லோரும் தங்கள் பங்கை விற்காமல் தொடர்ந்து வைத்திருந்தால், கம்பெனி ஆரம்பித்த முதல் பத்து வருஷத்து நஷ்டம் பிழைக்கும். அடுத்த முதலீட்டுச் சுற்றில் ஆரம்பத்தில் பணம் போட்ட ஏஞ்சல் முதலீட்டாளர் ஒருவர் மொத்தமாக வெளியேறப் போகிறார் என்றால், கையெழுத்தாவதற்கு முன்னாலேயே இதைக் கணக்குப் பார்த்துவிடுங்கள்.

சார், செம்பூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். அட்வான்ஸ் டாக்ஸ் கட்டும்போதெல்லாம் டாலி கணக்கு மென்பொருளில் நேராக வரிச் செலவு என்று எழுதிவிடுகிறோம். மார்ச்சில் எல்லாம் குழம்பிவிடுகிறது. சரியான எண்ட்ரி என்ன? வட்டியையும் வரியோடு சேர்க்கலாமா?

குழப்பத்துக்குக் காரணம் அந்த முதல் எண்ட்ரிதான் அம்மா. கட்டும்போது அது செலவு இல்லை, முன்பணம். அட்வான்ஸ் டாக்ஸ் லெட்ஜரை டெபிட் செய்து வங்கியை கிரெடிட் செய்யுங்கள், அந்த லெட்ஜர் சொத்துப் பக்கம் இருக்கட்டும், வருஷத்துக்கு ஒரு லெட்ஜர் தனியாகத் திறந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர்கள் பிடித்த டிடிஎஸ்ஸும் அதே மாதிரி தனி லெட்ஜர், அதை, நம் பெயரில் வந்து சேர்ந்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தோடு மாதா மாதம் ஒத்துப் பாருங்கள், மார்ச்சுக்கு வைக்காதீர்கள். மார்ச் 31 அன்று வருமானத்தைக் கணக்கிட்டு, நடப்பு வரிச் செலவை டெபிட், வரி ஒதுக்கீட்டை கிரெடிட். பேலன்ஸ் ஷீட்டில் ஒதுக்கீட்டிலிருந்து அட்வான்ஸ் டாக்ஸையும் டிடிஎஸ்ஸையும் கழித்து நிகரத்தைக் காட்டலாம். ரிட்டர்ன் போட்ட பிறகு வித்தியாசம் வந்தால் அது அந்த வருஷத்தில் 'முந்தைய ஆண்டுகளின் வரி' என்று தனி இனமாகப் போகும்.

வட்டியைச் சேர்க்கக் கூடாது. அட்வான்ஸ் டாக்ஸ் குறைந்ததற்காக வரும் 234பி, 234சி வட்டி நிதிச் செலவு, நடப்பு வரி இல்லை. அதைக் கழிக்கவும் முடியாது, வருமானக் கணக்கில் திரும்பச் சேர்க்க வேண்டும். தேதிகள் உங்களுக்கே தெரியும், ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். முதல் இரண்டு தவணையில் 12-ம் 36-ம் கட்டியிருந்தாலும் வட்டி வராது. நாலு முறையும் போன வருஷத் தொகையையே கட்டாமல், டிசம்பரிலாவது ஒன்பது மாத லாபத்தை எடுத்து முதலாளி முன்னால் வையுங்கள். மொத்த வரியில் 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஏப்ரல் 1 முதல் மாதத்துக்கு ஒரு சதவீதம் ஓட ஆரம்பித்துவிடும்.

பிவண்டியில் இருந்து எழுதுகிறேன் ஐயா. எங்கள் கம்பெனிக்கு ஒரு பழைய வருஷத்துக்கு 38 லட்சம் கட்டச் சொல்லி மதிப்பீட்டு ஆணை வந்திருக்கிறது. அப்பீல் போகிறோம். 38 லட்சத்தையும் இந்த வருஷமே செலவு எழுத வேண்டுமா? இல்லை ஒன்றுமே எழுத வேண்டாமா?

ஆணை வந்துவிட்டது என்பதற்காக முழுவதையும் எழுத வேண்டியதில்லை, அப்பீல் போயிருக்கிறோம் என்பதற்காக மறைக்கவும் முடியாது. ஆணையை எடுத்து, அதிகாரி உங்கள் வருமானத்தில் கூட்டிய எந்த எந்தச் சேர்ப்புக்கு எவ்வளவு வரி என்று முதலில் பிரியுங்கள். பெரும்பாலும் உள்ளே மூன்று நாலு விஷயம் கலந்திருக்கும். டிடிஎஸ் பிடிக்காமல் கொடுத்த காண்டிராக்ட் பணத்தில் 30 சதவீதத்தைச் சேர்த்திருந்தால், நீங்கள் பிடிக்கவே இல்லை என்பது உண்மை, பணம் வாங்கியவர் தன் வருமானத்தில் காட்டி வரி கட்டியதற்கான சான்றும் உங்களிடம் இல்லை என்றால், தோற்பதற்கே வாய்ப்பு அதிகம், அதற்கான வரியை இப்போதே ஒதுக்குங்கள். உயர் நீதிமன்றம் உங்கள் பக்கம் ஏற்கெனவே தீர்ப்புச் சொன்ன விஷயம் என்றால் ஒதுக்க வேண்டாம், ஆனால் குறிப்பில், வரலாம் வராமலும் போகலாம் என்ற பொறுப்பாக, எந்த ஆண்டு, எவ்வளவு, எந்த அமைப்பின் முன் நிலுவை என்று எழுதியே ஆக வேண்டும்.

ஆணை கிடைத்த 30 நாளுக்குள் அப்பீல். மீதி வசூலை நிறுத்திவைக்க வழக்கமாக 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள், உங்களுக்கு 7.6 லட்சம். அதைச் செலவில் போடாதீர்கள், ஜெயித்தால் திரும்ப வரக்கூடிய பணம், சொத்துப் பக்கம் அப்பீல் நிலுவையில் கட்டிய வரி என்று நிற்கட்டும். நீங்களே ஒதுக்கீடு எழுதிய விஷயத்துக்கு உரிய பங்கை மட்டும் அந்த ஒதுக்கீட்டோடு நேர்செய்யுங்கள். முடிவு எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு சேர்ப்புக்கும் ஏன் அப்படித் தீர்மானித்தோம் என்று ஒரு பக்கம் எழுதி, இயக்குநர்கள் கையெழுத்திட்டு ஃபைலில் வைத்துவிடுங்கள். அப்பீல் முடிய வருஷக்கணக்காகலாம், அதற்குள் ஆடிட்டரும் மாறலாம், அக்கவுண்டன்டும் மாறலாம்.

வசாய் வாசகர்: நாங்கள் இன்னும் பழைய விகிதத்தில் இருக்கிறோம், மேட் (குறைந்தபட்ச மாற்று வரி) கிரெடிட் 40 லட்சம் சொத்தாக நிற்கிறது. வருஷ வருமானம் சுமார் 2 கோடி. இந்த ரிட்டர்னிலேயே 115பிஏஏ-வுக்கு மாறலாமா?

அவசரப்படாதீர்கள். 2024-25-ம் ஆண்டின் விதிப்படி, மாறினால் அந்த 40 லட்சம் மொத்தமும் போகும், அந்த வருஷத்திலேயே செலவாக எழுத வேண்டும். 400 கோடிக்குள் விற்றுமுதல் உள்ள உங்களுக்கு அந்த ஆண்டுக்கு 25 சதவீதம், 7 சதவீத சர்சார்ஜ், செஸ் சேர்த்து 27.82. மாறினால் 25.168. 2 கோடியில் மிச்சம் வருஷத்துக்கு 5.3 லட்சம்தான். கணக்கு லாபமும் அதே அளவு என்றால், பழைய விகிதத்தில் வரிக்கும் மேட்டுக்கும் இடையே 20 லட்சத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது, கிரெடிட்டை அவ்வளவு தூரம் இந்த வருஷமே பயன்படுத்தலாம். 5 லட்சத்துக்காக 40 லட்சத்தை விட வேண்டாம். ஒரு தடவை 10-ஐசி படிவம் போட்டு மாறிவிட்டால் திரும்பி வர வழி இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

மாட்டுங்கா மாணவி: கம்பெனியின் வரிச் செலவில் ஜிஎஸ்டியும் சேருமா?

சேராது. வருமானத்தின் மேல் போடும் வரி மட்டும்தான் அந்த இனத்தில் வரும். விற்பனையில் வசூலிக்கும் ஜிஎஸ்டி கம்பெனியின் வருமானமே இல்லை, அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியில் கிரெடிட் கிடைக்காத பகுதி அந்தந்தச் செலவோடோ சொத்தின் விலையோடோ சேர்ந்துவிடும். மகாராஷ்டிராவில் கம்பெனி கட்டும் தொழில் வரியும் இதில் வராது, அது மற்றச் செலவுகளில் போகும்.